எண்ணா? எழுத்தா?

பொழுதுபோக்கிலும் கொள்கைப் பிணக்கு உண்டோ என வினவுவோர் உளர். உண்டு. கடிதப்பெட்டித் தேடல் எனத் தமிழிற் கூறத்தக்க 'லெட்டர்பொக்சிங்' அதற்குத் தக்க சான்றாகும்.

1854ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டாட்மூர் மேட்டுநிலத்தில், ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே போத்தலொன்றை வைத்தார். அரிதின் நடந்து அவ்விடத்தை அடைந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டு மீண்டனர். அதிலிருந்து வளர்ந்ததே இப்பொழுதுபோக்கு. ஒருவர் இறப்பர் முத்திரையையும் குறிப்பேட்டையும் சிறு பெட்டியொன்றில் இட்டு மறைத்து, அதன் இருப்பிடத்தைக் குறிப்புரையால் உணர்த்துவார். தேடுபவர் அதனைப் பயின்று, திசையறி கருவி கொண்டு, அடியெண்ணி நடந்து பெட்டியைக் காண்பார். தம் முத்திரையை அங்குள்ள ஏட்டிலும், அங்குள்ள முத்திரையைத் தம் ஏட்டிலும் பதிப்பார்.

2000 மே மாதத்தில், செய்மதிச் சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவந்த வழக்கத்தை அமெரிக்க அரசு கைவிட்டது. அதே வாரத்தில் ஒறிகன் மாநிலத்தில் வேறொரு பெட்டி மறைக்கப்பட்டது. அதற்குக் குறிப்புரை வேண்டியிருக்கவில்லை; அகலாங்கும் நெட்டாங்குமே போதுமாயின. எழுத்தின் இருக்கையில் எண் அமர்ந்தது.

இப்பொழுதுபோக்கை எமது புத்தளக் கரைக்குக் கொணர்வதாயின் எம்முறையைக் கொள்வது? எழுத்தையே என்பது என் துணிபு.

கற்பிட்டி, ஆலங்குடா, கண்டக்குழி, நுரைச்சோலை என்னும் பெயர்களை நோக்குக. பிட்டி மேட்டையும், குடா கடல் உட்புகுந்த இடத்தையும், குழி பள்ளத்தையும் உணர்த்தும். நிலத்தைக் கண்டறிந்த மக்கள் வைத்த பெயர்கள் இவை. இன்றோ நுரைச்சோலை என்றவுடன் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையமே நெஞ்சில் எழுகிறது. பெயரில் நிற்கும் சோலையைப் பற்றிக் கேட்பார் இலர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசைப்படுத்தி விவரநூல் யாத்தார். அவர் பிறந்த மண்ணில் நாம் இலக்கங்களை மட்டும் ஏந்தித் திரிவது தகுமா? குறிப்புரையைப் படிப்பவன் ஊர்ப்பெயரின் பொருளை ஆராய்வான். மீனவரிடம் வழி கேட்பான். எண்ணைப் பின்தொடர்பவனோ எவரிடமும் வாய் திறவாமலே சென்று மீள்வான்.

மணற்கரை இடம்பெயரும், பனை சாயும், எண்ணோ மாறாது என்பர். மெய்யே. ஆதலின் குறிப்புரை எழுதியவர் பருவந்தோறும் சென்று பார்த்துத் திருத்த வேண்டியவராகிறார். அதுவே அதன் சிறப்பு. எண்ணை எழுதியவர் இடத்தை மறந்துவிடலாம். எழுத்தை எழுதியவர் மறத்தற்கில்லை.

மீனவரே இன்று செய்மதிக் கருவியை நாடுகின்றனர், உமக்கு மட்டும் ஏன் இந்தப் பழமைப் பற்று என வினவுவர். கரையிலுள்ள இரு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்தித் தம் வலைத்தளம் கண்டவரின் வழிவந்தோர் இன்று கருவியைக் கொள்வது உயிர்காக்கவும் எரிபொருளை மிச்சப்படுத்தவுமே. தொழிலில் உழைப்பைக் குறைப்பது அறிவுடைமை. விளையாட்டிலோ உழைப்பே பயன். அதனை நீக்கியபின் எஞ்சுவது ஒரு வெறும் பெட்டி.

கருவியைக் கடலுக்கு விடுவோம். கரையில் நடக்கும் நமக்குத் திசையறி கருவியும் தெளிந்த தமிழும் போதும். நல்ல குறிப்புரையொன்றை எழுத முயல்க. உமது ஊரை நீவிர் எவ்வளவு அறிவீர் என்பது அப்போது புலனாகும்.