ஆட்டைக் கொல்வது வெயில் மட்டுமா? பட்டினியும்தான்!

  

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம், எண்ணூர் பக்கம் நாம் ஓட்டுகிற சென்னைச் சிவப்பு செம்மறி இந்த மண்ணின் ஆடு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள்தான் அதன் தாய்வீடு. வெயிலுக்குப் பழகிய இனம். இதையே நமக்கு எதிராகத் திருப்புகிறார்கள். "நாட்டு ஆடு எந்த வெயிலையும் தாங்கும். கோடையில் தீவனம் போட்டால் உடம்புச் சூடுதான் ஏறும்" என்று சொல்லிக் கையைக் கழுவுகிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் ஏமாற்றுவது சுலபமாக இருக்கிறது.

உண்மை என்ன? எதைத் தின்றாலும் செரிக்கும்போது வயிற்றில் சூடு பிறக்கும். ஆனால் அந்தச் சூடு அதிகம் வருவது எதில்? காய்ந்த வைக்கோலிலும் முற்றிப்போன புல்லிலும்தான். ஒரே அளவு சத்து கிடைக்க, நார்த்தீவனம் உண்டாக்குகிற சூடு அதிகம். தானியமும் புண்ணாக்கும் உண்டாக்குகிற சூடு குறைவு. சித்திரை, வைகாசியில் நம் ஆட்டுக்குக் கிடைப்பது காய்ந்த சருகு. அதற்காகவும் மைல் கணக்கில் நடக்க வேண்டும். நடையிலே ஒரு சூடு, வெயிலிலே ஒரு சூடு, வயிற்றிலே ஒரு சூடு. மூன்றையும் தாங்கச் சொன்னால் ஆடு என்ன செய்யும்?

ஆட்டின் உடம்புச் சூடு சாதாரணமாக 39 டிகிரி செல்சியஸ். செம்மறிக்கு வியர்வை குறைவு. மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். நிமிடத்துக்கு இருபது, முப்பது தடவை விடுகிற மூச்சு நூறைத் தாண்டும். நம்ம கடற்கரை ஓரத்திலே காற்றில் ஈரம் அதிகம். இரைத்தாலும் சூடு சீக்கிரம் இறங்காது. 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி கொளுத்தியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

உச்சி வெயிலில் மந்தையைப் பாருங்கள். ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். அது ஒற்றுமைப் பாடம் இல்லை ஐயா, நிழலில்லாத கொடுமை! பசித்த ஆடு அப்படி நிற்கவும் முடியாது. வெயிலிலேயே அலையும், குப்பைமேட்டில் வாய் வைக்கும், பிளாஸ்டிக் பையைத் தின்னும், சாகும்.

தீவனம் கிடைத்த ஆடு வேறு மாதிரி நடந்துகொள்ளும். விடியற்காலை மேயும். பத்து மணிக்கு நிழலுக்கு வந்து படுத்து அசை போடும். சாயங்காலம் மறுபடி மேயும். உச்சி வெயிலில் தேடித் தின்ன வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அந்த ஓய்வுதான் அதன் உயிரைக் காப்பாற்றுகிறது.

ஆனால் எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். நடுப்பகலில் கொட்டாதீர்கள், சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு போடுங்கள். செரிமானச் சூடு ராத்திரிக் குளிர்ச்சியிலே கழிந்துவிடும். மக்காச்சோளமோ கம்போ, தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்புக் கலவை, கொஞ்சம் உப்பு போதும். ஒரேயடியாகத் தானியத்தை அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு செத்துவிடும். ஐம்பது கிராமில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுங்கள். தொட்டி நீளமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கொழுத்தது இடித்துத் தள்ளும், மெலிந்தது பார்த்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

கணக்குப் போடுவோம். ஆட்டுக்கு நாளுக்கு 150 கிராம். கோடை 90 நாளுக்கு 13½ கிலோ. முப்பது ஆடு வைத்திருப்பவருக்கு 405 கிலோ. அரசாங்கத்துக்கு இது மலையா? நமக்கு மலை!

பால் ஊற்றுகிறவருக்குப் பால் கூட்டுறவு சங்கத்தில் மாட்டுத் தீவனம் கிடைக்கிறது. கிடைக்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆடு மேய்க்கிறவனுக்கு எந்தச் சங்கம்? தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம் உண்டு என்கிறார்கள். 100 பெட்டை, 5 கிடா என்று ஆரம்பிக்கிறது திட்டம்! முப்பது ஆட்டோடு புறம்போக்கில் நிற்கிறவன் அந்த வாசலை மிதிக்க முடியுமா?

மேய்ச்சல் நிலம் எங்கே போனது? துறைமுகச் சாலையாகவும், கன்டெய்னர் கிடங்காகவும், சாம்பல் குளமாகவும் ஆனது. நிழல் தந்த மரமும் அதோடு போனது. நிலத்தையும் எடுத்துக்கொண்டு, "ஆடு தாங்கும்" என்று உபதேசமும் செய்தால் அதை நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. மனித உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்கிறோம். 2023 மிக்ஜாம் புயலில் செத்த ஆட்டுக்கு 4,000 ரூபாய் அறிவிக்க முடிந்ததல்லவா? வெயிலில் செத்தால் மட்டும் அது ஆடு இல்லையா?

எனவே நாம் கேட்பது:

1. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஆட்டுக்கு நாளுக்கு 150 கிராம் தீவனம் மானிய விலையில் கூட்டுறவு மூலம் கொடு!

2. மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் நடு! அதில் வேம்பும் வாகையும் நடு! தண்ணீர்த் தொட்டி கட்டு!

3. வெயிலில் சாகும் ஆட்டுக்கும் நிவாரணம் என்று அரசாணையில் எழுது!

4. பத்து ஆடு உள்ளவருக்கும் மானியத் திட்டம் கொண்டு வா!

5. மாதவரத்திலே கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உள்ள அறிவு பக்கத்து ஊர்ப் பட்டிக்கு வரட்டும்! கோடைக்கு முன்பே ஊர் ஊராக முகாம் நடத்து!

தாளமுத்துவும் நடராசனும் உறங்குகிற மூலக்கொத்தளத்தில் கூடுவோம். நாம் வளர்த்த ஆடு கறியாகத்தான் பட்டணத்துக்குள் வருகிறது. இந்த முறை ஆட்டுக்காரனும் வரட்டும், கோரிக்கையோடு!

வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. குடும்பத்தோடு வாரீர்! கையில் கோலோடு வாரீர்!

பட்டியில் பட்டினி போக்குவோம்! மேய்ச்சல் நிலம் மீட்போம்!