சாலையும் சொல்லும்

செஞ்சிக் கோட்டையின் கிழக்கு வாயிலுக்குப் புதுச்சேரி வாயில் என்பது பெயர். வடபால் உள்ள வாயிலை வேலூர் வாயில் என்றும் ஆர்க்காட்டு வாயில் என்றும் வழங்குவர். அவ்வாயில்களைக் கட்டிய மன்னன் பெயராலோ காக்கும் தெய்வத்தின் பெயராலோ அவை வழங்கவில்லை. வாயிலைக் கடந்து செல்லும் வழி எவ்வூரைச் சேருமோ, அவ்வூரின் பெயரையே வாயிலும் பெற்றது. வழிக்குப் பெயரிடும் முறைகளுள் இது மிகப் பழையது. மிக எளியதும் இதுவே. முன்பின் அறியாதவனும் பெயரைக் கேட்ட அளவில் திசையை அறிந்துகொள்வான் அன்றோ?

அக்கோட்டையின் அருகே இன்று ஓடும் பெருஞ்சாலைக்கு இத்தகைய பெயர் இல்லை, எண்ணே உண்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகக் கிருட்டினகிரி சென்றடையும் அச்சாலை தேசிய நெடுஞ்சாலை 77 எனப்படும். தமிழ்ச் சமணரின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் அமைந்த மேல்சித்தாமூருக்குச் செல்வோர், இச்சாலையை விட்டுப் பிரியும் கிளைவழியே செல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டுக்கு முன்னர் இதே சாலையின் எண் 66. அவ்வாண்டில் நாடு முழுவதிலும் எண்கள் மாற்றப்பட்டன. இப்பொழுது 66 என்பது மேலைக் கடற்கரையை ஒட்டிப் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் சாலையைக் குறிக்கும். பழைய எண்ணை நினைவில் வைத்து ஒருவர் 66ஆம் சாலையில் நிற்பதாகச் சொல்வாராயின், கேட்பவர் அவரைக் கொங்கணக் கரையில் தேடுவர்!

எண்ணிடுதல் வீண் என்று கூறுதல் பொருந்தாது. புதிய முறையில் ஒழுங்கு ஒன்று உண்டு. வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண்; கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்ல அவ்வெண் பெருகும். கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே செல்லச் செல்ல அது பெருகும். செஞ்சிச் சாலை 77 ஆயின், அதற்குத் தெற்கே கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டிக்கு வரும் சாலை 85 ஆகும். மூன்று இலக்க எண் உடையவை கிளைச்சாலைகள். திண்டிவனத்தின் வழியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்கும் அப்பாலும் செல்லும் சாலை 32. திண்டிவனத்தில் பிரிந்து விழுப்புரம் செல்வது 132. தாயின் எண்ணைத் தன்னுள் தாங்கி நிற்கும் சேய் போன்றது அது. இவ்வொழுங்கை அறிந்த மாணவன் நாட்டுப்படத்தை நோக்காமலே ஒரு சாலையின் போக்கை ஒருவாறு உய்த்துணரலாம். ஆயினும் எண் கணக்கனுக்கு உதவும் அளவு வழிப்போக்கனுக்கு உதவுவதில்லை. விபத்து நேர்ந்தவிடத்து 108ஐ அழைப்பவர், திண்டிவனம் சாலையில் இன்ன ஊரருகே, இன்ன கல்லருகே என்று சொன்னால்தான் ஊர்தி விரைந்து வந்து சேரும்.

எண்ணால் வரும் குழப்பத்தினும் சொல்லால் வரும் குழப்பம் பெரிது. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு மாநகரங்களை இணைத்து 5,846 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த திட்டத்திற்குத் ‘தங்க நாற்கரம்’ என்று பெயரிட்டனர். நாற்கரம் என்பது கணக்கு நூலில் வரும் சொல்; நான்கு பக்கங்களால் அடைபட்ட வடிவம் என்பது அதன் பொருள். நகரங்கள் நான்கையும் கோடுகளால் இணைத்தால் அவ்வடிவம் தோன்றும். ஆகவே பெயர் பொருத்தமானதே. ஆனால் நாளடைவில் மக்களும் நாளிதழ்களும் நான்கு தடம் உடைய சாலை எதுவாயினும் அதனை ‘நாற்கரச் சாலை’ என்று எழுதத் தலைப்பட்டனர். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருச்சி செல்லும் சாலையையும் அவ்வாறே அழைக்கின்றனர். தங்க நாற்கரமோ சென்னையிலிருந்து காஞ்சிபுரம், வேலூர், கிருட்டினகிரி வழியாகப் பெங்களூர் செல்வது. திண்டிவனத்தின் பக்கமே அது வரவில்லை. நேர்கோடாகக் கிடக்கும் ஒரு சாலை நாற்கரம் ஆவது எங்ஙனம்? ‘நான்குவழிச் சாலை’ என்பதும் முற்றும் தெளிவன்று. நான்கு வழிகள் கூடுமிடமோ என்னும் ஐயத்துக்கு அது இடந்தரும். அதற்கு நாற்சந்தி என்னும் நல்ல சொல் முன்னமே உண்டு. வண்டி ஓடும் வரிசை தடம். ஆதலின் நான்குதடச் சாலை என்பதே நேரியது.

தமிழில் வழியைக் குறிக்கும் சொற்களுக்குக் குறைவில்லை. ஆறு என்னும் சொல்லுக்கே வழி என்னும் பொருள் உண்டு; ஆற்றுப்படை என்னும் நூல்வகை அதனால் பெயர் பெற்றது. நெறி, அதர், பெருவழி, மறுகு எனப் பிறவும் உள. கொங்கு நாட்டார் இருபுறமும் வேலி அமைந்த ஒடுங்கிய வழியை இட்டேரி என்பர். வழி பல கிளையாகப் பிரியும் இடத்துக்குக் கவலை என்று பெயர். இன்று கவலை என்றால் மனத்துயரே நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உள்ள உறவு, பெயர்ப்பலகை இல்லாத பிரிவில் இரவில் நின்றவர்க்கு நன்கு விளங்கும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் சமணத் துறவியாகிய கவுந்தியடிகளும் மதுரைக்குச் செல்லும்போது, கொடும்பாளூர்ப் பக்கம் வழி மூன்றாகப் பிரிவதையும், ஒவ்வொன்றிலும் எதிர்ப்படும் மலையும் காடும் யாவை என்பதையும் மாங்காட்டு மறையவன் எடுத்துரைக்கிறான். எண் ஒன்றும் அவன் சொல்லவில்லை.

தொலைவைக் குறிப்பதிலும் முன்னோர் பின்தங்கியவரல்லர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த ஒரு கல், அதியமான் பெருவழியில் நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தறியாதவரும் உணர்தற்பொருட்டு, இருபதுக்கு இரண்டு பெருங்குழிகளும் ஒன்பதுக்கு ஒன்பது சிறுகுழிகளும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. இருளில் கையால் தடவியும் கணக்கறியலாம். இக்காலத்துக் கற்களில் தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சளும் மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சையும் தீட்டுவதும் இத்தகைய நற்கருத்தே.

சாலை என்னும் சொல்லையும் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். பாடசாலை, அறச்சாலை என்பவற்றில் அது கட்டடத்தைக் குறிக்கும். இருமருங்கும் மரம் நிழற்றும் பெருவழிக்கும் அதுவே பெயராயிற்று. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சாலையை முதியோர் நிழற்சாலை என்றே நினைவுகூர்வர். இன்று வழியை அகலப்படுத்துமிடத்துப் புளியமரங்கள் முதலில் வீழ்கின்றன. வழி விரிந்தது உண்மை; சாலை என்னும் பெயருக்குரிய நிழல் மறைந்ததும் உண்மை.

எல்லாவற்றினும் வருந்தத்தக்கது வேறொன்று. அரசின் பாகுபாட்டில் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை என வரிசையாக வந்து, அவற்றின்பின் ‘மாவட்ட இதர சாலை’ என்று ஒரு வகை வருகிறது. இந்திய நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகள் 2024ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1,46,000 கிலோமீட்டர். மொத்தச் சாலைகளை நோக்க அது நூற்றுக்கு இரண்டு பங்கினும் சிறிதே மிகும். உழவன் நெல்மூட்டை ஏற்றிச் செல்வதும், சிறுவர் பள்ளி செல்வதும், அடியார் சித்தாமூர்க் கோயிலுக்குச் செல்வதும் பெரும்பாலும் எஞ்சிய சாலைகளிலேதான். அவற்றுள் ஒரு வகைக்கு ‘இதர’ என்று பெயரிடுவது, வீட்டில் ஒரு பிள்ளையை ‘மற்றவன்’ என்று அழைப்பது போலாகும். ஊரிணைப்புச் சாலை என்றால் யாருக்கு என்ன குறை?

பெயர் மாற்றம் ஒருநாளில் நிகழாது. அதற்குள், செஞ்சி வட்டத்துப் பள்ளி மாணவர் தத்தம் ஊரின் வண்டிப்பாதை, ஏரிக்கரை வழி, களத்துமேட்டு வழி, ஒற்றையடிப்பாதை ஆகியவற்றுக்கு முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். ஏனெனில் அப்பெயர்கள் எந்த அலுவலகத்துப் பட்டியலிலும் ஏறியவை அல்ல.