ரத்த மாதிரி நெரிசலில் நிற்கலாமா?

அரசு மருத்துவமனை என்றால் முதலில் கட்டடத்தையும் படுக்கைகளையும் எண்ணுகிறோம், அடுத்து இயந்திரங்களை. ரத்தத்தில் சர்க்கரை, கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள் என மணிக்கு நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்து தள்ளும் ஆட்டோ அனலைசர் வந்த பிறகு, அறிக்கைக்காக நாள் கணக்கில் காத்திருக்கும் நிலை பெருமளவு மாறியிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் வட சென்னைக்கு இன்றைய அவசரத் தேவை இன்னொரு அனலைசர் அல்ல. எடுத்த ரத்தம் கெடாமல் அந்த இயந்திரத்தைச் சென்றடைய உறுதியான ஏற்பாடுதான் தேவை.

ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெரிய அனலைசரை வைக்க முடியாது. சிறிய நிலையங்களில் ரத்தம் எடுத்து, பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையைத்தான் தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டமும் பரிந்துரைக்கிறது. முறையில் குற்றமில்லை. சிக்கல் வழியில் இருக்கிறது. எண்ணூரிலிருந்தோ கத்திவாக்கத்திலிருந்தோ ராயபுரம் பக்கமுள்ள பெரிய ஆய்வகத்துக்கு மாதிரி வர வேண்டுமானால், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைக் கடக்க வேண்டும். அந்த வரிசை எப்போது நகரும் என்பதை ஓட்டுநர்களாலேயே சொல்ல முடியாது.

குழாயில் அடைத்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். பிரிக்காத ரத்தத்தில், அறை வெப்பத்தில், மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறைகிறது. வெறும் வயிற்றில் 135 இருந்தவருக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தால் 120-ஐ ஒட்டிக் காட்டும். நீரிழிவு என முடிவு கட்டும் எல்லை 126. நோயாளி, நோயில்லாதவராக வீடு திரும்புவார். சாம்பல் நிற மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடுகூட முதல் ஒரு மணி நேரத்தில் இந்த இழப்பை முழுதாகத் தடுப்பதில்லை. பொட்டாசியத்தின் கதை இதற்கு நேர்மாறு. தாமதத்தாலும் குலுக்கலாலும் அணுக்களிலிருந்து கசிந்து, இல்லாத ஆபத்தை இருப்பதாகக் காட்டும். அனலைசர் இரண்டையும் துல்லியமாக அளந்து, துல்லியமாகவே தவறான எண்ணை அச்சிட்டுத் தரும்.

தவறான எண்ணின் விலை இப்பகுதியில் கூடுதல். அனல்மின் நிலையச் சாம்பல், மணலியின் ஆலைகள், 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா என மக்கள் அடுத்தடுத்து எதிர்கொண்டவை பல. ஆலைத் தொழிலாளியின் சிறுநீரகம் நாளுக்கு நாள் பழுதாகிறதா என்பதை ஒரு நாள் அறிக்கை சொல்லாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.2-க்கு ஏறியதைப் பல ஆண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால்தான் காண முடியும். ஆய்வகத்தின் பிழையே 0.2 என்றால் அந்த எச்சரிக்கை காணாமல் போகும்.

தீர்வுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஜெல் குழாயில் எடுத்த ரத்தம் உறைய அரை மணி நேரம், சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றப் பத்து நிமிடம். அணுக்களுக்கும் சீரத்துக்கும் நடுவே ஜெல் சுவராக நின்றுவிடும். பிறகு குளிர்பெட்டியில் அனுப்பினால் லாரி வரிசையில் சிக்கினாலும் பெரிதாகக் கெடாது. ஏற்கெனவே பதிவு, ரத்தம் எடுத்தல், அறிக்கை வழங்கல் என ஓடும் டெக்னீஷியன் தலையில் இதையும் கட்டுவதா என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில், வேலையைத் தவிர்ப்பது அல்ல. காலிப் பணியிடங்களை நிரப்புவது.

மாநகராட்சியும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் மூன்றைச் செய்ய வேண்டும். ரத்தம் எடுத்த நேரம், பிரித்த நேரம், சோதித்த நேரம் மூன்றையும் ஒவ்வோர் அறிக்கையிலும் அச்சிட வேண்டும். காலையில், மதிப்பு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரத்தை ஓட்டி, அது சரியாக வந்த பிறகே நோயாளிகளின் மாதிரிகளை ஏற்றுவதோடு, வேலூர் சி.எம்.சி. நடத்துவது போன்ற வெளித் தர மதிப்பீட்டில் எல்லா அரசு ஆய்வகங்களும் சேர வேண்டும். சோதனைக்கான வேதிப்பொருளான ரீஏஜென்ட் தீர்ந்துபோய் இயந்திரம் சும்மா கிடந்த நாட்களையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

அடுத்த அனலைசருக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் இந்த மூன்றும் நடைமுறைக்கு வரட்டும். தொடக்கம் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அமைவதே முறை. நகரத்துக்கு மின்சாரமும் எரிபொருளும் தந்து புகையை வாங்கிக்கொள்ளும் மக்களுக்கு, நம்பத்தகுந்த ரத்தப் பரிசோதனை அறிக்கை அரசு செலுத்த வேண்டிய கடன்.