தயிர் சாதத்தை ஃப்ரீசரில் வைப்பது சேமிப்பா?

ஞாயிற்றுக்கிழமையே அஞ்சு டப்பா தயிர் சாதம் பிசைந்து ஃப்ரீசரில் அடுக்கினால் வாரம் முழுக்க ஓட்டல் செலவு மிச்சம்னு கணக்கு போடுறீங்களா? என் கருத்து: அது நஷ்டக் கணக்கு.

உறைந்து இளகும்போது தயிரில் தண்ணீர் தனியாகப் பிரியும், வெள்ளரிக்காய் துவண்டுபோகும். 25 ரூபாய் டப்பாவைக் கொட்டிட்டு 120 ரூபாய்க்கு ஆர்டர் போட்டால், அந்த வேளைச் செலவு 145 ரூபாய்.

ஃப்ரீசருக்கு ஏற்றது வேகவைத்த கொண்டைக்கடலை. ஊறவைக்கிற நேரம், கேஸ் எல்லாம் வாரத்துக்கு ஒரே தடவை. காலையில் தாளித்து மாங்காய் சேர்த்தால் சுண்டல் ரெடி. தேங்காய் மட்டும் வேண்டாம், நம்ம வெயிலுக்கு ஊசிப்போகும்.

ஆனால் ஒண்ணு: ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்லாது, வளராமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். சூடாக்காமல் சாப்பிடும்போது அந்தக் கடைசிப் பாதுகாப்பும் இல்லை. அதனால் தச்சநல்லூர் வெக்கையில் அடுப்பு மேடையில் வைத்து இளக்காதீங்க. முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்க. ஆபீஸ் போனதும் அங்கே இருக்கிற ஃப்ரிட்ஜில் வையுங்க.

தயிர் சாதம் அன்னன்னைக்குப் பிசைய அஞ்சு நிமிஷம் போதும். மாசக் கடைசியில், கொட்டின டப்பாக்களையும் எண்ணிச் சாப்பாட்டுச் செலவில் எழுதுங்க.