ஈசினோபில்: குற்றவாளியா, சாட்சியா?

மக்களே, இந்த வாரம் மொக்கை கிடையாது. கொஞ்சம் சீரியஸ் பதிவு.

அக்கா பையனுக்கு நாலு வயசு. திருவொற்றியூர்ல இருக்காங்க. கொஞ்ச நாளா அவனுக்கு வெளிக்கு போறப்ப சொட்டு சொட்டா ரத்தம். வலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. "உடம்பு சூடு"ன்னு அம்மா வெந்தயத்தையும் மோரையும் கொடுத்தே ரெண்டு மாசத்தை ஓட்டிட்டாங்க. கடைசியில டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தா, மலக்குடலில் ஒரு பாலிப். சின்ன சதை வளர்ச்சிதான். கம்பி வளையம் போட்டு, கரண்ட் கொடுத்து எடுத்துட்டாங்க.

இந்த வயசுல வலியில்லாம ரத்தம் போறதுக்கு இந்த ஜுவனைல் பாலிப் ஒரு முக்கியமான காரணம். பொதுவா ஒண்ணுதான் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. அஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தாலோ, குடும்பத்துல யாருக்காவது இருந்தாலோ கதை வேற, தொடர்ந்து பார்க்கணும்.

பிரச்சனை அதோட முடியலை. பயாப்ஸி ரிப்போர்ட்ல "ஈசினோபில்கள் காணப்படுகின்றன"ன்னு ஒரு வரி. எண்ணூர்ல இருந்து ராயபுரம் வரைக்கும் இந்தப் பேரைக் கேள்விப்படாத வீடு கம்மி. தூசியும் புகையும் தின்னு வளர்ந்த ஊராச்சே, வீசிங் வந்தா முதல்ல எண்ணுற அணு இது. 1879-ல பால் எர்லிக் பேர் வச்ச வெள்ளையணு. ஒவ்வாமையிலும் வரும், பூச்சித் தொல்லையிலும் வரும்.

பையனுக்குக் கைக்குழந்தையா இருந்தப்ப பால் ஒவ்வாமை இருந்தது, அப்புறம் சரியாயிடுச்சு. அக்கா ரெண்டையும் முடிச்சுப் போட்டு, அன்னிக்கே பாலை நிறுத்திட்டாங்க. ரத்தம் நின்னுச்சு. "பார்த்தியாடா, பால்தான்!"

இங்கதான் எனக்குள்ள இருக்குற பொட்டி தட்டுறவன் முழிச்சுக்கிட்டான். ஒரே ரிலீஸ்ல ரெண்டு மாற்றம் பண்ணிட்டு, பக் சரியானதும் ஒண்ணுக்கு மட்டும் மாலை போடலாமா? அதே வாரம் பாலிப்பையும்தானே எடுத்தாங்க?

ஈசினோபில் நம்ம குடல்ல எப்பவுமே குடியிருக்குற ஆளு. பால் ஒவ்வாமையே இல்லாத குழந்தைகளோட பாலிப்லயும் இருக்கும். பால் ஒவ்வாமைக்கும் பாலிப்புக்கும் தொடர்பு இருக்கான்னு டாக்டர்கள் கேட்டுப் பார்க்குறாங்க, அது நியாயமான கேள்விதான். ஆனா லாக்ல பேர் இருக்குங்கிறதுக்காக அவன்தான் சர்வரைக் கவிழ்த்தான்னு ஆகிடாது. அவன் சாட்சியாவும் இருக்கலாம்.

அதுக்காக பால் ஒவ்வாமையே வெள்ளைக்காரன் வியாதின்னும் சொல்லலை. நம்ம நாட்டுலயும் இருக்கு, கவனிங்கன்னு லக்னோ எஸ்ஜிபிஜிஐ டாக்டர்கள் 2010-லயே எழுதியிருக்காங்க. கண்டுபிடிக்கிற வழி எளிமையானது: டாக்டர் சொல்படி ரெண்டுலேருந்து நாலு வாரம் பாலை நிறுத்தணும், மறுபடி கொடுத்துப் பார்க்கணும். அறிகுறி போய் திரும்பி வந்தா பால்தான். அந்த ரெண்டாவது பாதியைத்தான் யாரும் செய்யுறதில்லை. (பால் குடிச்சு மூச்சுத்திணறல் வந்த குழந்தைக்கு இதை வீட்ல முயற்சி பண்ணவே கூடாது.)

ஆட்டுப்பால் கொடுங்கன்னு பக்கத்து வீட்டு ஆயா சொன்னாங்க. பசும்பால் ஒத்துக்காதவங்கள்ல ரொம்ப பேருக்கு அதுவும் ஒத்துக்காது, ரெண்டு பாலோட புரதமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அக்காவோட சண்டை போட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் முன்னாடியே பால் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார வச்சுப் பார்த்தார். ரெண்டு மாசமாச்சு, பையன் காலைல ஒரு டம்ளர் பால் குடிக்கிறான், ரத்தம் இல்லை.

நாலு வயசுப் பையனோட டம்ளரைப் பிடுங்குறதுக்கு ரிப்போர்ட்ல ஒரு வரி போதாது. குழந்தைக்கு ரத்தம் போனா சூடுன்னு உட்கார்ந்திருக்கவும் கூடாது. அம்மாகிட்ட இதைச் சொன்னா, "ஆமாண்டா, நீ பெரிய டாக்டரு"ங்கிறாங்க :)

டிஸ்கி: நான் பொறியியல் படிச்சவன், மருத்துவம் இல்லை. உங்க வீட்டுக் குழந்தைக்கு உங்க டாக்டரைக் கேளுங்க. தப்பிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க.