வாசலில் ஒரு பேரேடு

ஆத்தூர் கடைவீதி ஜவுளிக் கடைக்காரர் ஐம்பது சேலையை விரித்துப் போட்ட பிறகும் உங்கள் பெயரைக் கேட்பதில்லை. கடன் என்று வாயெடுத்தால்தான் பேரேட்டைத் திறப்பார்.

2002-ல் இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கிய ஐ.ஆர்.சி.டி.சி.க்கு இந்த மரியாதை வர 2018 ஆயிற்று. அந்த ஆண்டில்தான் கணக்கில் நுழையாமலே வண்டியையும் காலி இடத்தையும் பார்க்கலாம் என்று தளத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் எழும்பூர் வண்டியில் இடமுண்டா என்று எட்டிப் பார்ப்பதற்கே கடவுச்சொல்! ரயிலுக்குப் போட்டிக் கடை இல்லை, பொறுத்துக்கொண்டோம். அமெரிக்கக் கடை ஒன்று, பணம் கட்டும் முன் நின்ற 'பதிவு செய்க' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்ததும் வாங்குவோர் 45 சதவீதம் கூடினார்கள் என்று ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதினார்.

"அப்படியானால் தரகர்கள் புகுந்துவிடுவார்களே?" என்பீர்கள். வாஸ்தவம். டிக்கெட்டுக்குப் பெயர் வேண்டும்; 2025 ஜூலை முதல் இணையத் தத்காலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கே வேண்டும். நான் ஆட்சேபிப்பது கேட்பதை அல்ல, கேட்கும் இடத்தை. நுழைவும் பதிவும் எல்லாப் பக்கத்திலும் மேல் மூலையில், கண்ணில் படும்படி நிற்கட்டும். வழியை மறிக்க வேண்டாம். ஆதார் வேண்டும் என்பதை முகப்பிலேயே, முதல் நாளே சொல்லட்டும். படுக்கை வகுப்புத் தத்கால் காலை 11 மணிக்குத் திறக்கிறது. மணி அடித்த பிறகு சொன்னால், பெரியவர் கண்ணாடியையும் ஆதாரையும் தேடி எடுப்பதற்குள் வண்டி நிரம்பிவிடும்.