சுடுகாட்டு மல்லியும் சுதேசி மருந்தும்

நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் நம்மவர் அழைக்கும் செடியை அறியாதார் இலர். ஆடு மாடு தீண்டாத அச்செடியின் இலையிலிருந்தே, 1958-ஆம் வருஷத்தில், கானடா தேசத்து விஞ்ஞானிகளான நோபிலும் பீரும் வின்பிளாஸ்டின் என்னும் வஸ்துவைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியது நீரிழிவு மருந்து. எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையக் கண்டமையால் கிடைத்தது புற்றுநோய் மருந்து. அதே செடியில் பின்னர் கிடைத்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இன்றியமையாத ஔஷதமாகும்.

எனினும் இயற்கையின் கொடை அப்படியே போதியதாக இல்லை. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டினோ நரம்புகளையும் தாக்குகிறது. ஆகவே பிரான்ஸில் பியேர் பொத்தியே என்னும் ரஸாயன நிபுணரும் அவருடைய சகாக்களும், அவ்விலையில் மிகுதியாயுள்ள இரு வஸ்துக்களை இணைத்து, அவ்வமைப்பின் ஒரு வளையத்தைச் சிறிது சுருக்கி, வினோரெல்பின் என்னும் புது மருந்தை ஆக்கினார்கள். நரம்புகளுக்குத் தீங்கு குறைந்த அம்மருந்து 1989-இல் பிரான்ஸிலும் 1994-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. நுரையீரல், மார்புப் புற்றுநோய்களுக்கு அது வழங்கப்படுகிறது.

இதில் நமது பங்கு யாது? நமது தென் ஜில்லாக்களில் மானாவாரியாக விளைந்த இலையும் வேரும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய பழங்கதையே இது. 1980-களில் புனா தேசிய ரஸாயன ஆராய்ச்சிசாலையும் சிப்ளா கம்பெனியும் வின்பிளாஸ்டினையும் வின்கிறிஸ்டினையும் இங்கேயே தயாரிக்க வழி கண்டது பெருமைக்குரியதே. ஆனால் பிறர் கண்ட மருந்தைச் செய்வது வேறு. பிறர் காணாததைக் காண்பது வேறு.

இவ்வேற்றுமை வெறும் கௌரவப் பிரச்சினையன்று. 1970-ஆம் வருஷத்துப் பேடண்டுச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே உரிமை அளித்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்க நமக்கு இடமிருந்தது. 2005 முதல் மருந்துக்கே இருபது வருஷ உரிமை உண்டு. மூல வஸ்துவைத் திருத்திப் புது மருந்து காண்பவன் எவனோ, அவன் சொன்னதே விலை. ஏழை நோயாளிக்கு அவ்விலையே மரண சாஸனமாகக் கூடும்.

செடி நம்முடையது என்று மார்தட்டுவதால் பயனில்லை. அதன் தாயகம் மடகாஸ்கர். உரிமை மண்ணால் வருவதன்று, உழைப்பால் வருவது. நமது சர்வகலாசாலைகளில் ரஸாயனம் கற்ற இளைஞர்களுக்குக் குறைவில்லை. பத்து, பதினைந்து வருஷம் பலன் காணாமலும் பொறுத்திருந்து பொருள் உதவும் மனமே குறை. சர்க்காரும் செல்வரும் அம்மனம் கொள்வார்களாயின், சுடுகாட்டில் பூக்கும் மலர் நம்மவரைச் சுடுகாட்டிலிருந்து மீட்கும். இலையை விற்றுக் காலங்கழித்தது போதும்.